வாசிப்பு அறையை மூடிய பிறகு

நர்ஸான அவள் வேலைக்குப் போகும்போது தன் அப்பாவை நம்பி விட்டுப்போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது: தெருமுனை நூலகம். காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன். இப்போது காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் நிற்காது. ஆனால் ஜன்னலோரம் உட்கார வைத்து, கையில் அந்தக் கடற்பயணக் கதையைக் கொடுத்துவிட்டால் போதும், டூட்டி முடிந்து அவள் வரும்வரை நகரமாட்டார். தினமும் அதே புத்தகம். தினமும் அவருக்குப் புதுசு.

"உங்கப்பா மாதிரி நாலு பேர் இருந்தா, நான் புதுப் புத்தகமே வாங்க வேண்டாம்மா" என்று நூலகர் அம்மாள் சிரிப்பாள். அப்பா எழுந்து வாசல் பக்கம் போனால், கூப்பிட்டுத் திரும்ப உட்கார வைப்பதும் அவள்தான்.

அந்த நூலகத்தை மூடிவிட்டார்கள். படிக்கிறவர்கள் இனி போனிலேயே படித்துக்கொள்ளலாமாம். கட்டடம் வேறோர் அலுவலகத்துக்குப் போனது. அவள் நூலகத்துறை அதிகாரியைப் பார்க்க நடையாய் நடந்தாள்.

"நீங்க சொல்ற புத்தகம் ஆப்ல இருக்கும்மா. தேடிப் பாருங்க."

"புத்தகம் இருக்கு சார். எங்கப்பா எங்க இருப்பாரு?"

அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தப் புத்தகத்தைப் போனில் இறக்கி அப்பாவிடம் கொடுத்தும் பார்த்தாள். திரை தானாக இருண்டதும் அப்பா பயந்துபோனார். "நான் ஒண்ணும் பண்ணலம்மா, அதுவா அணைஞ்சுடுச்சு."

அவள் டூட்டியில் இருந்த ஒருநாள் மதியம் அவர் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு, கால் பழகிய வழியில் நூலகத்துக்கே போய்விட்டார். குடிகாரன் என்று நினைத்து வாசலிலிருந்து யாரோ தள்ளியிருக்கிறார்கள். படியில் விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. கொண்டுவந்தது அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத்தான். அவளே கட்டுப் போட்டாள்.

"உள்ள விடலம்மா" என்றார் அப்பா. "நான் சத்தமே போடல."

அண்ணனுக்குப் போன் போட்டாள். "வேலையை விட்டுடேன்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டான். விட்டால் அடுப்பு எரியாது. அது அவனுக்கும் தெரியும்.

காயம் ஆறும் முன்பே அவள் எடுத்திருந்த லீவு முடிந்தது. சோற்றையும் தண்ணீரையும் எடுத்துவைத்து, வெளியிலிருந்து கதவைப் பூட்டினாள். தெருவில் இறங்குவதற்குள் தட்டும் சத்தம் கேட்டது. "யாருங்க அது? நான் உள்ள இருக்கேங்க..." காதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் திறந்தபோது கதவுக்குப் பின்னால் தரையில் கிடந்தார். சோறு தொடாமல் இருந்தது. தட்டித் தட்டி விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. மருந்து தடவிக்கொண்டே அழுதாள்.

மறுநாளும் பூட்டிவிட்டுத்தான் போனாள்.