படையலுக்குப் பூண்டு

“பூண்டா? படையலுக்கா?”

கண்ணம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், பானையைச் சரித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கஞ்சி கிண்ணத்தை விட்டு வழிந்து அவள் காலருகே வந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“உங்க தம்பிக்குப் புடிச்சது அதாங்க அண்ணி” என்றாள் காவேரி.

காவேரி சமையலறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அடுப்பைத் தொடக் கூடாது என்று நாத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் தான் ஆண்ட அடுப்பில் இன்னொருத்தி மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடித் தேடி அல்லாடுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வந்த பெரிய கஷ்டத்தோடு இந்தச் சின்ன கஷ்டமும் சேர்ந்துகொண்டது.

இன்றைக்கு மூன்றாம் நாள். ஆண்கள் பால் ஊற்றச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வந்ததும் கிருஷ்ணப்பனின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததை வைத்துப் படைக்க வேண்டும்.

“எந்தம்பிக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? களியும் கருவாட்டுக் கொழம்பும்னா அவன் உசுர வுடுவான்” என்ற கண்ணம்மாள், சொன்ன பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். “அதான் கொழம்பு கொதிக்குதே. அப்புறம் எதுக்குப் பூண்டு சோறு? படையலுக்குப் பூண்டு ஆவாது.”

“கருவாட்டுக் கொழம்புல பூண்டு போடலீங்களா?”

“அது கொழம்பு.”

காவேரி எதிர் அறையைப் பார்த்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பூவிழி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பத்தொன்பது வயது, காலேஜில் இரண்டாம் வருஷம், ஒரே மகள். மூன்று நாளாக அவள் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. நேற்று அரை டம்ளர் டீ. இன்று காலையில் பாத்ரூம் போக எழுந்தவள் கண்ணை இருட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனவரை நினைத்து அழக்கூட காவேரிக்கு நேரமில்லை. இருக்கிற ஒருத்தியை எப்படியாவது ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும், அதுதான் அவள் கவலை. அப்பாவின் இலையில் வைத்ததை மட்டும் அவள் மறுக்கமாட்டாள் என்று காவேரிக்குத் தோன்றியது. அதற்கு இலையில் சரியான சோறு இருக்க வேண்டும்.

கிருஷ்ணப்பன் லாரி டிரைவர். வடக்கே மத்தியப் பிரதேசத்தில் பூண்டு மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையத்தில் இறக்குவான். மாதத்தில் நாலைந்து நாள்தான் சொந்த ஊரான கடத்தூரில் இருப்பான். வந்த மறுநாள் பூண்டு சோறு செய்வான். “பூண்டு ரைஸ்” என்பான், ஓட்டல்காரன் மாதிரி. அவன் வருகிறான் என்றால் முந்தின ராத்திரியே சோறு வடித்து ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இந்த முறையும் போனில் மகளிடம் சொல்லியிருந்தான். “சோத்த வடிச்சி வையி பாப்பா. காலையில வந்துருவேன்.”

அவளும் வடித்து வைத்தாள். அவன் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பித் தொப்பூர் மலையில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறான். “யாருக்கும் ஒரு கீறல் இல்லீங்க” என்று லாரி ஓனர் சந்திரமோகன் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். சேதி வந்ததும் சொந்தபந்தம் கூடிவிட்டது. செத்த வீட்டில் சமைத்தது எதுவும் இருக்கக் கூடாதே! கண்ணம்மாள்தான் குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள், குழம்பைக் கொட்டினாள், ஃபிரிட்ஜைத் திறந்து அந்தச் சோற்றையும் எடுத்துக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தாள். பூவிழி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக்குள் போனவள்தான்.

“செரி, செஞ்சித் தொலைக்கிறேன்” என்றாள் கண்ணம்மாள் கடைசியில். மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிச் செய்துவிடுவதுதான் அவள் குணம். “எப்பிடிச் செய்யணும், சொல்லு.”

“எனக்குத் தெரியாதுங்க அண்ணி.”

“என்னாது? இத்தன வருசம் குடும்பம் பண்ணவளுக்குத் தெரியாதா?”

“என்னைய உள்ளயே வுடமாட்டாரு. ‘நீதான் தெனமும் ஆக்கற, இன்னிக்கிப் போயி உக்காரு’ம்பாரு. டிவி முன்னால சேரப் போட்டு உக்கார வெச்சிருவாரு.”

காவேரியை உட்கார வைத்துச் சோறு போட்ட ஒரே ஆள் அவன்தான். அந்த ஒரு வேளைக்காக மற்ற நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணம்மாள், ஓனர் கொண்டுவந்து கொடுத்த தம்பியின் பையை ஆணியிலிருந்து எடுத்தாள். கைலி, துண்டு, சோப்பு டப்பா, சார்ஜர். அடியில் ஒரு பாலிதீன் கவரில் பூண்டு, பெரிய பெரிய பல்லாக. நாலு பூண்டை உதிர்த்து உரித்து, சின்ன உரலில் போட்டு ‘டக், டக்’ என்று இடிக்க ஆரம்பித்தாள்.

“நசுக்காதீங்க.”

குரல் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. மூன்று நாளில் மகள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. எழுந்து ஓடலாம் என்று காவேரிக்குக் கால் துடித்தது. வேண்டாம், அசையாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உரல் சத்தத்தில் கண்ணம்மாளுக்குக் காது கேட்கவில்லை. அவள்பாட்டுக்கு இடித்தாள். சட்டியில் எண்ணெய் ஊற்றினாள். ஆவி பறக்கும் சோற்றில் நாலு கரண்டி அள்ளி வைத்தாள். பிறகு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள்.

“மஞ்சத்தூளு ரெண்டு சிட்டிக போட்டாத்தான் பூண்டு வாட போவும்.”

அறைக்கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, முகம் வீங்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு பூவிழி நின்றாள்.

“அத்த, மொதல்ல அதக் கீழ வைங்க. மஞ்சத்தூளப் போட்டு எங்கப்பாவுக்கு என்னா எலுமிச்சஞ்சோறா செய்யிறீங்க?”

கண்ணம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் பெட்டியைச் சட்டென்று மூடிவிட்டாள். பூவிழி சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்பருகே வந்து, சோற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“சுடச்சுட இருக்குது. இதுல செஞ்சா கூழாயிடும். சோறு நல்லா ஆறணும். முந்தின நாளு சோறுதான் வேணும்.”

“பழைய சோத்தயா செத்தவனுக்குப் படைப்பாங்க? ஊரு சிரிக்கும் கண்ணு.”

“முந்தின நாளு சோறு இருந்துது. நீங்கதான் மாட்டுத் தொட்டியில கொட்டிட்டீங்க.”

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணம்மாள் அடுப்பைச் சிறிதாக்கினாள். ஐயோ, இந்தப் பெண் இப்படியா போட்டு உடைக்கும் என்று காவேரி பதறினாலும், கேட்கட்டும், ஒருவர்மேல் கோபப்படவாவது அவளுக்குத் தெம்பு வந்திருக்கிறதே என்றும் இருந்தது.

“உங்கப்பனுக்குன்னு வடிச்சி வெச்சதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு” என்றாள் கண்ணம்மாள். “தெரிஞ்சிருந்தா… தெரிஞ்சிருந்தாலும் கொட்டித்தான் இருப்பேன். வழக்கம் அப்பிடி. ஆனா ஒங்கிட்ட சொல்லிட்டுக் கொட்டியிருப்பேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே கூடத்துக்குப் போனாள். ஒரு பெரிய தலைவாழை இலையைத் தரையில் விரித்தாள். சோற்றைக் கொட்டிப் பரப்பி, டேபிள் ஃபேனை இழுத்து அதன் முன்னால் வைத்தாள்.

“இது இன்னிக்கி வடிச்ச சோறு. ஆறிட்டா பழசாயிடுமா என்னா? ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமுடியாது.”

ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பங்காளிகளில் மூத்தவரான சின்னக்கண்ணு வாசலில் கால் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தார். “எலையப் போடலாமா? மணி பன்னெண்டாவுது.”

“சோறு ஆறுது, இருங்க” என்றாள் கண்ணம்மாள் உள்ளேயிருந்து.

“சோறு ஆறுறதுக்கா இருக்கச் சொல்ற?”

“ஆமா. இருங்கன்னா இருங்க.”

பூவிழி கவரிலிருந்து வேறு பூண்டை எடுத்து உரித்து, கத்தியால் மெல்லிசாகச் சீவினாள். எண்ணெய் காய்வதற்கு முன்பே அதைப் போட்டாள். தீயைக் குறைத்து, கரண்டியால் தள்ளிக்கொண்டே நின்றாள். அவசரப்படவில்லை. பூண்டு ஓரம் சிவந்ததும் பாதியை வழித்துத் தட்டில் எடுத்து வைத்தாள். காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டாள், வெங்காயத்தாள், மிளகுத்தூள். பிறகு தீயை முழுக்க ஏற்றிச் சோற்றைக் கொட்டிப் பிரட்டினாள். வாசனை கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் காவேரி இதை முதல்முறையாகப் பார்த்தாள். இவ்வளவு மெதுவாகவா செய்தான்? ஹாரன் அடித்துக்கொண்டே வாழ்ந்த மனுஷன், பூண்டு சிவக்க இத்தனை நேரம் நின்றானா? கடைசியில் பூவிழி கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் காவேரிக்கு அந்தச் சத்தம் எப்போதும் கேட்கும். சாப்பாடு ஆயிற்று, வா என்று அர்த்தம். காவேரி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாளில் இப்போதுதான் முழுதாக அழ முடிந்தது.

இலை போட்டார்கள். களி, கருவாட்டுக் குழம்பு, வடை, நடுவில் பூண்டு சோறு. அதன்மேல் எடுத்து வைத்த பூண்டுச் சீவல். சின்னக்கண்ணு கற்பூரம் காட்டினார். கிருஷ்ணப்பன் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரம் பந்தலில் நின்றார்கள்.

கதவைத் திறந்ததும் கண்ணம்மாள் சொன்னாள். “மொதல்ல அவங்கப்பன் எலையில புள்ள உக்காரட்டும்.”

பூவிழி படத்தைப் பார்க்காமல் இலை முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசையாமல், விரல் நுனியால் கொஞ்சம் எடுத்தாள். வாயில் போட்டாள். மென்றாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உப்புப் பத்தல” என்றாள் பூவிழி.

“படையல் சோத்த ருசி பாத்தா செய்வாங்க?” என்றாள் கண்ணம்மாள், பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக. ஓடிப்போய் உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்து காவேரியின் கையில் திணித்தாள்.

பூவிழி ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிக்கொண்டாள். மறுபடி ஒரு வாய் வைத்தாள். இந்த முறை கை நிறைய.

வாசலில் நின்ற ஆண்களுக்குப் பசி. யாரோ “பந்தி போடலாமே” என்றார்.

“இருப்பா, அது சாப்பிட்டு முடிக்கட்டும்” என்றார் சின்னக்கண்ணு.

பூவிழி தலையைத் தூக்கவில்லை. இடது கையால் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இலையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். காவேரி உப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.