மூன்றாவது சிலிண்டர்

பிளக் மாற்றி நாற்பத்தொரு மணி நேரத்தில் அந்தக் கார் திரும்பி வந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் மேடு ஏறும்போது ஒருமுறை இருமியது. பில் டேபிளில் இருந்த ஷாஜாதிக்கு அந்த ஒரு இருமலே போதும். பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் இருக்கும் அந்த ஒர்க்‌ஷாப் அவள் அண்ணன் நவுஷாத்துடையது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தபின் இரண்டு வருடமாக அவள் அங்கே பில் போட்டுவந்தாள், வண்டிக் கோளாறு காட்டும் ஸ்கேனரும் பார்த்தாள். ரெஞ்சை எடுத்துத் தன் கையால் தனியாக முடித்த முதல் வேலை, இந்தக் காரின் சிலிண்டர்களில் பொறி போடும் நாலு பிளக். அன்றைக்கு நவுஷாத் சொல்லியிருந்தான்: “இது நல்லா ஓடிச்சின்னா பெட்ரோல் வண்டியெல்லாம் இனிமே உன்னுது. திரும்பி வந்துச்சின்னா பில் டேபிளோட நிறுத்திக்க.”

வண்டியிலிருந்து வெற்றிவேல் இறங்கினார். வெள்ளிமலையில் மூன்று ஜீப் ஓட்டுகிறவர். இந்த டர்போ காரைப் பெங்களூரிலிருந்து மூன்றாம் கையாக வாங்கி, சவாரிக்கு விடாமல் தானே ஓட்டுகிறார். இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் மலையேறும்போது முதுகை சீட்டில் அமுக்கும் வண்டி.

“இன்னா பாய். ஆயுத பூஜை போட்டு எலுமிச்சம்பழம்லாம் கட்டி அனுப்பினீங்க. நேத்து ஒழுங்கா வூடு போய்ச் சேந்துட்டேன். இன்னிக்கி காலையில எறங்கிட்டு மறுபடி வெள்ளிமலைக்கு ஏறச்சொல்ல பாதி வளைவுல குலுங்க ஆரம்பிச்சிச்சி. அப்டியே திருப்பிக்கினு வந்துட்டேன்.”

நவுஷாத் தங்கையைப் பார்த்தான். “பிளக்க சரியா முடுக்கினியா?”

“டார்க் ரெஞ்ச் வெச்சி அளவு பாத்துதான் முடுக்கினேன்.”

“அப்பறம் ஏன் வந்து நிக்குது?”

அவள் ஸ்கேனரை மாட்டினாள். மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்று வந்தது; அதில் பொறி சரியாகப் பற்றவில்லை. ஆனால் நின்ற இடத்தில் இன்ஜின் பூனை மாதிரி ஓடியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒழுங்காகத்தான் ஓடியது.

“மேட்டுல ஏத்தினாதான் தெரியும்,” என்றாள். “மலைக்குப் போவணும்.”

“அதுக்கெல்லாம் நேரம் இல்ல. நாலு பிளக்கையும் கழட்டி வேற போடு. முடிஞ்சிது.”

“இன்னான்னு தெரியாம மாத்த மாட்டேன், அண்ணா.”

அவள் இப்படிப் பேசி வெற்றிவேல் கேட்டதில்லை. நவுஷாத்தும் கேட்டதில்லை. ஷாஜாதிக்கே காது சூடாகிவிட்டது. டூல் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை தொடங்கியது. வேறு வழியில்லாமல் நவுஷாத் ஓட்டினான்; பக்கத்தில் வெற்றிவேல். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி உதறியது. ஸ்கேனரில் மூன்றாம் எண்ணுக்கு நேராக மட்டும் கணக்கு ஏறியது. மற்ற மூன்றும் பூஜ்யம்.

அகலமான இடத்தில் ஓரங்கட்டினார்கள். பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் மூடி பளபளவென்று இருந்தது. நடுவில் சந்தனமும் குங்குமமும். அவள் பிளக் மாற்றிய அன்று அதன்மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி இருந்தது. வெற்றிவேல் துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களில் மூன்றாவதை உருவி ஒன்றாவதில் மாட்டினாள். ஒன்றாவதை மூன்றில். மறுபடி ஒரு வளைவு. கோளாறு மூன்றிலேயே நின்றது.

“காயில் இல்ல,” என்றாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே, பிளக்குன்னு.”

“இன்ஜின் ஆறட்டும். சூட்டுல கழட்டினா மரை போயிடும்.”

முக்கால் மணி நேரம் நின்றார்கள். வெற்றிவேல் வாங்கி வந்திருந்த போண்டாவை நீட்டினார். நவுஷாத் ஒன்றுக்கு மூன்றாகத் தின்றான்.

கழற்றிய பழைய பிளக்குகளை வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது அவர்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். அவை டேஷ்போர்டில் இருந்தன. அதிலொன்றை மூன்றாவதில் போட்டாள். ஏறினார்கள். ஒரு வளைவு, இன்னொன்று, அதற்கு மேல் ஒன்று. வண்டி சீறிக்கொண்டு போனது. ஸ்கேனரில் எல்லாமே பூஜ்யம்.

நவுஷாத் வண்டியை நிறுத்தினான். “ஆச்சா? ரெண்டு லட்சம் ஓடின பழைய வண்டில பழைய பிளக் ஓடுது. நீ போட்டது ஓடல. கீழ போட்டிருப்ப, கீறல் வுட்டிருக்கும். விடு ஷாஜாதி. பில் டேபிள்ல உன்ன மாதிரி ஆளு கெடைக்காது.”

சமாதானமாகத்தான் சொன்னான். அதுதான் அதிகம் வலித்தது.

அவள் இறங்கி, கழற்றிய பிளக்கை வெயிலில் பிடித்தாள். கீறல் இல்லை. ஆனால் வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கத்தில், மேல் நுனியிலிருந்து கீழே இரும்பு வரை, பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. பொறி உள்ளே பாயாமல் வெளியே வழிந்த தடம் அது. டர்போ காற்றை அமுக்க அமுக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பொறி அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். வெளியே அதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் மின்சாரம் அதில்தான் போகும். சமதரையில் தப்பித்து மேட்டில் மாட்டியது அதனால்தான்.

சுலபமான வழியைப் போட்டுக் கொடுத்தது எது? பிளக்கைத் திருப்பினாள். இரும்பின் தோளைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது.

“வெற்றிவேல் அண்ணே, வெள்ளிமலையில வண்டியக் கழுவினீங்களா?”

“நான் பானெட்டத் தொடவே இல்லமா. கழுவித்தான குடுத்தாரு பாய், இன்னொரு வாட்டி எதுக்கு?”

“உங்க ஊர்த் தண்ணி உப்பா?”

“ஓடைத் தண்ணிமா. சோப்பு போட்டா நொர அடங்காது. ஏன்?”

பம்பரில் மிளகாயோடு கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவள் அவிழ்த்தாள். வெற்றிவேல் பதறினார்.

“பாய், திருஷ்டிப் பழத்த அவுக்குதே உங்க தங்கச்சி. வண்டி பள்ளத்துல எறங்கிச்சின்னா?”

“எறங்காது. பிரேக் நான் பாத்தது,” என்றான் நவுஷாத். ஆனால் சிரிக்கவில்லை. அவன் கண் பிளக்கிலேயே இருந்தது.

பழத்தைக் கீறி வளையத்தின்மேல் ஒரு சொட்டுப் பிழிந்தாள். பொடிப்பொடியாக நுரைத்து எழும்பியது. ஒர்க்‌ஷாப் டீக் கெண்டிக்குள் அப்பிக் கிடக்கிற அதே வெள்ளை. சோப்பு நுரைக்காத அவர்கள் போர்வெல் தண்ணீர் எங்கே காய்ந்தாலும் விட்டுப்போகிற வெள்ளை.

செல்போனை எடுத்தாள். பிளக் போடுமுன் அவை உட்காரும் நாலு குழிக்குள்ளும் காற்றடித்துவிட்டு அவள் எடுத்து வைத்திருந்த படங்கள். மூன்றாவது குழி காய்ந்து, சுத்தமாக, உலோகம் மின்னிக்கொண்டு இருந்தது. படத்தை அண்ணனிடம் காட்டினாள்.

“நான் மாத்தச்சொல்ல இதுல தண்ணி இல்ல. அதுக்கப்பறம்தான் எறங்கியிருக்கு. அதுவும் நம்ம போர்த் தண்ணி.”

நவுஷாத் படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. கீழே வளைவில் ஏறிவரும் பஸ்ஸைப் பார்த்தான். பூஜைக்கு முந்தின ராத்திரி, ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற வண்டிகளை எல்லாம் கழுவிப் பொட்டு வைப்பது அவர்கள் அத்தா காலத்திலிருந்து நடக்கிறது. டிராக்டர், டீசல் வேன் என்றால் இன்ஜினையும் சேர்த்தே வாட்டர் சர்வீஸ். பெட்ரோல் கார் பானெட்டுக்குள் மட்டும் தண்ணீர் போகக் கூடாது என்று அவள் போன வருடம் சொன்னாள். சரி என்றிருந்தான்.

பஸ் கடந்து போகும்வரை அவள் காத்திருந்தாள். வெற்றிவேல் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால் அண்ணனுக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். கேட்காவிட்டால், பில் டேபிள்.

“அண்ணா. அன்னிக்கி நான் வூட்டுக்குப் போனப்பறம் இந்த பானெட்ட யாரு தொறந்தது?”

நவுஷாத் கையிலிருந்த எண்ணெயைப் பேன்ட்டில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

“பொட்டு வைக்கிற எடம் தூசியா கீதேன்னு பாத்தேன்,” என்றான். “நான்தான் தொறந்தேன். நான்தான் தண்ணி அடிச்சேன்.”