சின்னக்கானலுக்குத் திரும்பிப் போன பிளைமவுத்

வேலந்தாவளத்து மோகனசுந்தரத்தின் 1954 மாடல் பிளைமவுத் கார், ஒரு சந்தை நாளன்று பட்டப்பகலில், ஓட்ட ஆளில்லாமல் தானே கிளம்பி, மூணாறுக்கும் அப்பால் மலைமேல் இருக்கும் சின்னக்கானலுக்குப் போய்விட்டது. சந்தைக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். வெண்டைக்காய்க்காரர் கூடையை நகர்த்தி வழிகூட விட்டார். பொள்ளாச்சி ரயில்வே கேட்டில் ஒழுங்காக நின்றதாம், சின்னாற்றில் ஆனைக்கூட்டம் தாண்டும்வரை பொறுத்ததாம். சோதனைச் சாவடிக்காரர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கேட்டைத் தூக்கிவிட்டார். பெட்ரோல் எங்கே போட்டது என்பதுதான் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மோகனசுந்தரம் தென்னந்தோப்புக்காரர். அதைவிட மாட்டுக்காரர் என்றால்தான் சந்தையில் தெரியும். அவர் கைக்கு வந்த மாடு விற்றவன் வீட்டுக்குத் திரும்பி ஓடியதாகச் சரித்திரமே கிடையாது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். இந்தக் காரை அவர் கண்டது சின்னக்கானல் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஒரு கோழிக்கூடாக. அங்கே கொழுந்து பறிக்கும் சந்தனத்தின் புருஷன் வேல்முருகன் பழைய மேனேஜருக்கு டிரைவர். ஊரைவிட்டுப் போகும்போது மேனேஜர் காரை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். வேல்முருகன் கண்ணை மூடிய பிறகு அது மரத்தடியில் துருப்பிடித்து நின்றது. சந்தனத்துக்கு ஓய்வுக் காலம் நெருங்கியது, லயத்தைக் காலி செய்ய வேண்டும், காரை எங்கே கொண்டுபோவது என்று விற்றுவிட்டாள்.

ஒர்க்‌ஷாப் அஷ்ரஃப் அதைப் பிரித்துப் போட்டபோது, இது கார் இல்லை, பழைய இரும்பு என்று ஊரே சிரித்தது. ஆனால் அவன் விடவில்லை. கிடைக்காத உருப்படிகளை லேத்தில் கடைந்தே போட்டான். மோகனசுந்தரத்தின் மகள் கௌசிகா உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அடித்தகடு தெரிய வைத்தாள். இளம்பச்சைப் பெயின்ட், வெள்ளிபோல் பம்பர், மூக்கில் ஒரு பாய்மரக் கப்பல். பார்த்தவர்கள் வாயை மூடவில்லை. தன் கல்யாணத்தன்று இந்தக் காரில்தான் புருஷன் வீட்டுக்குப் போவேன் என்று கௌசிகா சொல்லிவிட்டாள். தேதியும் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் கார் கிளம்பிப் போனது.

மோகனசுந்தரம் சின்னக்கானலுக்கே போய், அதை லாரியில் ஏற்றி மலையிறக்கிக்கொண்டு வந்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்த அஷ்ரஃப் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, கயிறு மாத்துனீங்களா?"

"காருக்கு ஏதுடா கயிறு?" என்று எரிந்து விழுந்தவர், சட்டைப்பையில் கைவிட்டார். சந்தனம் கட்டிவைத்த மஞ்சள் நாடாவோடு அதே பழைய சாவி. மாடு விற்றால் விற்றவர் கயிற்றைக் கழற்றிக்கொண்டுதான் கொடுப்பார், வாங்குகிறவர் கையோடு புதுக்கயிறு கொண்டுபோவார். சந்தைக்கு வரும் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த முறை. "அட கெரகமே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பழைய சாவியைக் கொண்டுபோய்ச் சந்தனத்திடம் கொடுத்துவிட்டுப் புதுச்சாவி போட்டார். அடுத்த சந்தைக்குக் கார் மறுபடியும் மலையேறிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து, ஓடுகாலி மாட்டுக்குக் கழுத்தில் கட்டுகிற தொண்டுக்கட்டையைப் பம்பரில் கட்டிப் பார்த்தார். மூணாறு, தேவிகுளம் எல்லாம் தாண்டி இழுத்துக்கொண்டே போனதில், கட்டை தேய்ந்து உலக்கைப் பூண் அளவுக்கு ஆனதுதான் மிச்சம். சந்தையில் சிரிப்பு தாங்கவில்லை. மோகனசுந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "அப்பா, வாடகைக்கு வேற வண்டி சொல்லிரலாமுங்க, நீங்க ஒடம்பக் கெடுத்துக்காதீங்க" என்றாள் கௌசிகா. மகள் விட்டுக்கொடுத்துப் பேசியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக ஒருமுறை சின்னக்கானலுக்குப் பஸ் ஏறினார்.

அன்றைக்குச் சந்தனம் லயத்து வீட்டைக் காலி செய்து பூட்டிக்கொண்டிருந்தாள். தகரப்பெட்டி, ஒரு சாக்கு, நான்கைந்து கோழி. கார் வாசலில் நின்றது. ஈரத் துணியால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். இத்தனை வருஷமும் கொழுந்துக்குப் போகுமுன் அவள் அப்படித்தான் செய்வாளாம். விற்ற காரை லாரி வந்து முதன்முதலில் ஏற்றிய அன்று அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள், சாவியைப் பக்கத்து வீட்டில்தான் கொடுத்துவைத்திருந்தாள், காரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

"நீங்களே ஒரு வார்த்த போன்னு சொல்லிருங்கம்மா. எம் மக கல்யாணமுங்க" என்று கை கூப்பினார் மோகனசுந்தரம்.

அவள் பானெட்டில் கைவைத்தாள். "போ தங்கம். அவுக நல்லவுகதான்."

கார் அசையவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நானே போடியில ஒருத்தரு வீட்டுல போயி எப்படி நிக்கிறதுன்னு தெரியாம நிக்கேண்ணே. இத எங்கிட்டுப் போகச் சொல்ல?"

அப்போது காரின் பின்கதவு தானாகத் திறந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக ஏறிப் புதுசாகத் தைத்த சீட்டில் உட்கார்ந்தன. மாட்டோடேயே வாழ்ந்த மனுஷனுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மாடு கட்டுத்தறியைத் தேடியா ஓடிவரும்? தண்ணீர் காட்டிய கையைத் தேடியல்லவா வரும்!

"நீங்களும் ஏறுங்கம்மா" என்றார்.

சந்தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னையும் சேத்தாண்ணே வெல பேசுனீக?"

மோகனசுந்தரம் கூனிக்குறுகிப் போனார். "ஐயோ, அப்படியில்லீங்க. தோப்புல ஒரு ஊடு சும்மா கெடக்குதுங்க. உங்களுக்குன்னே எழுதி வேணும்னாலும் தர்றனுங்க. புடிக்கலீன்னா சொல்லுங்க, நானே போடியில கொண்டுபோயி உடறேன். காரும் இங்கயே நிக்கட்டும்."

அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியையும் சாக்கையும் கோழிகளுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தாள். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், கார் கிளம்பிவிட்டது. மோகனசுந்தரம் ஓடிவந்து பின்கதவைப் பிடித்துத் தொற்றி, கோழிகளுக்கு நடுவில் மலையிறங்கினார்.

கல்யாணத்தன்று கௌசிகாவும் மாப்பிள்ளையும் பின்னால் உட்கார, முன்சீட்டில் சந்தனம் இருந்தாள். வீடியோவில் சீட்டோரம் ஒரு முட்டைகூடத் தெரிகிறது. முன்னால் இருப்பது யார் என்று சம்பந்தி வீட்டார் கேட்டதற்கு, "வண்டிக்காரம்மா" என்றார்கள் பெண் வீட்டார். கேட்டவர்களும் தலையாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கார் தானாக எங்கும் போகவில்லை, தோப்பு வீட்டு வாசலில்தான் நிற்கிறது. மோகனசுந்தரம் இப்போதும் சந்தைக்குப் புதுக்கயிற்றோடுதான் போகிறார். ஆனால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்குமுன், சுழி பார்க்குமுன், விற்க வந்தவரிடம் முதலில் ஒன்று கேட்கிறார்: "ஏனுங்க, இதுக்குத் தெனமும் தண்ணி காட்டுனது யாருங்க? அவிய கிட்டச் சொல்லீட்டு வந்தீங்களா?"