அவசரமில்லை என்றவர்

"பரவால்லம்மா, மத்தவங்கள மொதல்ல பாருங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் பெரியவர். மறுகணமே செயற்கை நுண்ணறிவு அந்தப் பேச்சை எழுத்தாக்கி, எடைபோட்டு, வெள்ளத்தில் சிக்கியவர்களின் வரிசையில் கடைசிக்குத் தள்ளியது. காலையிலிருந்து அது சொன்ன வரிசையில்தான் மீட்புப் படகுகள் போயின. பெரும்பாலும் சரியாகவே சொன்னது. மாற்றவும் வழியுண்டு, மாற்றுகிறவர் காரணத்தை எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். இதுவரை யாரும் போடவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அந்த அழைப்பை எடுத்தவளுக்குக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அவள் மாமனாரும் இப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றுகூட, "நீ சாப்ட்டு வாம்மா, வெறும் வாயுதான்" என்றார். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அந்த மரியாதையை இயந்திரம் நிலவரமென்று எடுத்துக்கொண்டது.

திரும்ப அழைத்தாள். நலமா என்று கேட்கவில்லை.

"ஐயா, கூட யாரு இருக்காங்க? எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்காரிதாம்மா. அவளால நடக்க முடியாது. கட்டில் மேல நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன். நானும் கட்டில்லதான் நிக்கிறேன், நாற்காலியப் புடிச்சுக்கிட்டு."

"தண்ணி?"

"கட்டிலுக்கு மேல வந்துருச்சு. முட்டி வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "பரவால்ல" என்றார்.

அதிகாரி அவள் பின்னால் வந்து நின்றார்.

"அந்தப் பக்கம் ஒரே படகு. மொட்டை மாடியில அஞ்சு பேரு, ரெண்டு குழந்தைங்க. அவங்கதான் மொதல்ல."

"அவங்க காலடியில இன்னும் தண்ணி இல்ல சார்."

"மழை விட்ட பாடில்லையே. புது மருமக மாதிரி இவ்வளவு நேரம் மிஷின் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினோம். நாளைக்கு விசாரணைன்னு வந்தா, மிஷின் சொல்லுச்சுன்னு நான் தப்பிச்சுக்குவேன். நீ என்ன சொல்லுவ?"

"அதுக்குத்தான் சார் பேரு கேக்குது."

அவர் தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. 'கட்டில் மேல் நாற்காலி. பிடித்திருப்பவர் முழங்கால் நீரில்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். திரையில் படகின் புள்ளி தயங்கி நின்று, திரும்பியது.

உடனே தொலைபேசி அடித்தது. மொட்டை மாடியிலிருந்து ஒரு பெண்.

"படகு கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போகுதுங்க. கைய ஆட்டுறோம், பாக்க மாட்டேங்குறாங்க."

"பாத்தாங்கம்மா. நான்தான் திருப்பி விட்டேன்."

மழைக்கு நடுவே படகின் மோட்டார் சத்தம் மட்டும், அந்தப் பெண்ணின் தொலைபேசி வழியாகவே, தேய்ந்துகொண்டே போவது அவளுக்குக் கேட்டது.