பொன்செல்வி படத்து வழக்கு

1997 ஆடி மாதம் முதல், கிழக்கேகோட்டையில் சத்தியதாஸ் தன் ஸ்டுடியோவில் எடுத்த படம் எல்லாவற்றிலும், செத்துப்போன ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்றும் நின்றது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையை ஒட்டி நின்றது. பாஸ்போர்ட் படத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. பாஸ்போர்ட்டுக்கு வந்தவர்கள் மட்டும் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது.

பிள்ளையின் பெயர் பொன்செல்வி. அம்மா முத்தாரம்மாள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்கு வந்து கட்டட வேலையில் சித்தாளாகக் கல் சுமந்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சத்தியதாஸிடம் மகளை ஒரே ஒரு தடவை படம் எடுத்தாள்; அதை வாங்கப் போவதற்குள் காய்ச்சல் கண்டு பிள்ளை போய்விட்டது. அழுது ஓய்ந்து ரசீதோடு போனால், பிலிமிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கிறவனுக்குப் பழைய பிலிம்களை எடைக்குப் போட்டபோது அதையும் சேர்த்துப் போட்டுவிட்டதாகச் சத்தியதாஸ் சொன்னான். முகம் மறந்துவிடுமோ என்கிற பயத்தில்தான் அவள் நுகர்வோர் கோர்ட் படியேறினாள். வக்கீல் கிடையாது, தானே நின்று ஜெயித்தாள். படத்தைக் கொடு என்று உத்தரவானது. இல்லாத படத்தை அவன் எங்கே போய்க் கொடுப்பான்? மறுநாள்தான் பிள்ளை வந்து நின்றது.

ஒரு வருஷம் அவன் இழுத்தடித்தான். உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லி அவளே மனுப் போட்டாள். ஜெயிலுக்குப் பயந்து சத்தியதாஸ் காலி ஸ்டூலைப் படம் எடுத்தான். பொன்செல்வி ஏறி உட்கார்ந்திருந்தாள். அதைக் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்தான்.

"ஒப்பிட்டா கேஸ் தீர்ந்நு, சேச்சி," என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார் மலையாளிக் குமாஸ்தா.

முத்தாரம்மாள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் பார்த்தாள். முன்பல் விழுந்திருந்தது, கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தாள். கேஸ் தீர்ந்தால் இதுவும் நின்றுபோகும் என்று பெற்ற வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையெழுத்துப் போடவில்லை. நான் கேட்டது இந்தப் படமில்லை என்றாள். ஆட்சேபம் பதிவாகி, வழக்கு தள்ளிப்போனது.

அப்புறம் வருஷா வருஷம் அவளே மனுப் போட்டாள், அவன் புதுப் படம் கொண்டுவந்தான், அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லையே என்று பஸ்ஸில் அழுதுகொண்டே போவாள்.

2006இல் வந்த படத்தில் பொன்செல்வி சுடிதார் போட்டிருந்தாள். இதை யார் எடுத்துக் கொடுத்தார்களோ என்று முத்தாரம்மாள் ஏங்கிப்போனாள். குமாஸ்தா கூப்பிடுகிற வரைக்கும் விரலால் அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இது எம்பிள்ள இல்ல, சார்," என்றாள்.

வழக்கு அடுத்த ஆடிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.