வலது கால் சாக்ஸ்

சாக்ஸில் இடது வலது கிடையாது. பதினான்கு வருடம் சாக்ஸ் கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேசையில் நின்றவள் சொல்கிறேன். மெஷின் குழாய் மாதிரிப் பின்னித் தள்ளும். ஒன்றுபோல் இருக்கிற இரண்டை எடுத்து மடித்து அட்டை மாட்டுவதுதான் என் வேலை. இந்தப் பழக்கம்தான் என் தம்பியைக் கெடுத்தது என்று அவனுக்காக நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு ஒப்பவில்லை.

அவன் அதே கம்பெனியில் டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் வைத்தால் மெஷின் அதை அப்படியே பின்னும். மேனேஜரின் அறை வாசலில் ஒரு மாதம் காத்துக் கிடந்து நான் வாங்கிக் கொடுத்த வேலை.

சாம்பிள் எதுவும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். ஒரு வெளிநாட்டு ஆர்டருக்கு, வாங்குகிறவர்கள் மாதிரிக்கு ஒரே ஒரு ஜோடி அனுப்பியிருந்தார்கள். ஆப்பிரிக்க நெசவாளர்கள் குறுகலான பட்டைகளாக நெய்து, அவற்றை ஒட்ட வைத்துத் தைக்கிற துணியைப் பார்த்துப் போட்ட டிசைன் என்று அட்டையில் எழுதியிருந்தது. மஞ்சள், கறுப்பு, செங்கல் நிறத்தில் படிக்கட்டும் கோடுமாகக் கண்ணைப் பறித்தது. ஆனால் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. டிசைன் ரூமுக்கு எடுத்துப் போனேன். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

"இதுல ஒண்ணு டேமேஜ்க்கா. இன்னொண்ணை வச்சே ரெண்டையும் ஓட்டிடறேன்," என்றான் தம்பி.

நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இடதில் பாதியில் நின்ற படிக்கட்டு வலதில் ஏறி முடிந்தது.

"டேமேஜ் இல்லடா. ரெண்டு காலையும் சேர்த்து வச்சாதான் துணி முழுசாகுது, பாரு."

"நீ மடிக்கிற வேலையைப் பாருக்கா."

வலது சாக்ஸை வேஸ்ட் மூட்டைக்குள் எறிந்தான். எனக்குச் சுருக்கென்றது. மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். தம்பியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாலாயிரம் ஜோடி போய், நாலாயிரமும் திரும்பி வந்தது. எல்லாமே இடது கால் என்று வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "சாம்பிள்ல இன்னொண்ணு எங்க?" என்றார்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட ஒத்தையாதான் வந்துச்சு சார். அக்கா மேசையில தொலைஞ்சிருக்கும்," என்றான்.

நடந்ததை அப்படியே சொன்னேன். டிசைன் போட ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. மடிக்கவா ஆள் இல்லை? "கூடப் பிறந்தவன் மேலயே பழி போடுறியேம்மா," என்று புத்திமதி எனக்குத்தான் கிடைத்தது. அன்று மத்தியானமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், வெட்கம் கெட்டவள். அவன் கட்டம் போட்ட தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்தான்.

"அந்த வலது சாக்ஸை வரைஞ்சு குடுக்கா. இடதைத் திருப்பிப் போட்டாலும் சேர மாட்டேங்குது. நீ ஒரு தடவை பாத்தா மறக்க மாட்ட."

"அவங்ககிட்ட வேற சாம்பிள் கேக்குறதுதானே?"

"கையால பின்னினதாம், அவங்ககிட்ட வேற இல்ல. அவங்க அனுப்பின படத்துலயும் இடது கால்தான் தெரியுது. இந்த வாரத்துக்குள்ள குடுக்கலன்னா என் வேலை போயிடும்க்கா."

"வரையறேன். மொதல்ல மேனேஜர்கிட்ட போய், அதைத் தூக்கிப் போட்டது நான்தான்னு சொல்லிட்டு வா."

அவன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"உனக்கு எப்பவுமே வீம்பு," என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனான். வேலையே போனாலும் பரவாயில்லை, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பென்சிலை மறந்துவிட்டுப் போயிருந்தான். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் வரைந்து பார்த்தேன். ஒரு படிகூடத் தப்பவில்லை. தம்பி வயிற்றில் அடிக்கிறோமே என்று தோன்றியது. ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்து அந்தத் தாளை அதில் போட்டேன்.