சாவியை விடாத கை

எஞ்சின் பிடித்துவிட்டது. ஆனாலும் ராய் சாவியை விடவில்லை. காருக்குள்ளிருந்து, பன்றியைக் கழுத்தில் பிடித்ததுபோல ஓர் அலறல் கிளம்பியது.

"விடு! சாவியை விடு மாப்ளே!" என்று கத்திக்கொண்டே மாமனார் ஓர்வில் டோலெஃப்சன் பனியில் ஓடிவந்தார்.

ராய் திடுக்கிட்டுச் சாவியை முழுக்கப் பின்னுக்குத் திருப்பிவிட்டான். அலறல் நின்றது, எஞ்சினும் நின்றது. மறுபடி திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மார்லிஸ், வயிற்றின் மேல் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்தாள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. இந்தக் குளிர்காலத்தில் அவன் கை இப்படிச் சாவியைப் பிடித்துக்கொள்வது முதல் தடவை இல்லை.

வியட்நாமிலிருந்து படைகள் திரும்பிக்கொண்டிருந்த வருடம் அது. வடக்கு டகோட்டாவில் அந்த ஞாயிறு, துப்பினால் தரையைத் தொடுமுன் உறைந்துவிடும் குளிர். தேவாலயம் முடிந்து மாமனார் பண்ணையில் மதியச் சாப்பாடு. அது முடிந்து கிளம்பும்போதுதான் இந்தக் கூத்து.

மாமனாரும் மருமகனுமாகக் காரைப் பண்ணைப் பட்டறைக்குள் தள்ளினார்கள். ஓர்வில் அடுப்பில் கட்டையைப் போட்டுவிட்டு, காருக்கடியில் புகுந்து ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுத்துவந்தார். சாவியைத் திருப்பினால் இதன் சிறு பல்சக்கரம் முன்னே பாய்ந்து, எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தைக் கடித்துச் சுற்றிவிடும். எஞ்சினுக்கு உயிர் வந்த கணமே சாவியை விட்டுவிட வேண்டும். விட்டால் சிறு சக்கரம் தானே பின்வாங்கிக்கொள்ளும். பிடித்துக்கொண்டே இருந்தால், ஓடும் குதிரையின் வாலைப் பிடித்தவன் கதைதான்.

"பல்லெல்லாம் போச்சு, எங்க பாஸ்டர் வாய் மாதிரி," என்றார் ஓர்வில். "பதினாலு வயசுப் பொண்ணுகூட ஒழுங்கா வண்டி எடுக்கிற ஊருப்பா இது. விமானப்படை லெப்டினன்டுக்கு என்ன வந்துச்சு?"

"கை பழகிடுச்சு மாமா."

"எதுக்குப் பழகிச்சு?"

ராய் வெளியே பார்த்தான். பட்டறை ஜன்னலுக்கு வெளியே கோதுமை நிலம் வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் கம்பிவேலி போட்ட ஒரு சதுரம். அதற்குள் தரையோடு தரையாக ஒரு கான்கிரீட் மூடி, அதனடியில் ஓர் ஏவுகணை. அரசாங்கம் அந்தத் துண்டு நிலத்தை வாங்கிய நாளிலிருந்து ஓர்வில் வேலியைச் சுற்றித்தான் உழுகிறார். ராயின் வேலையும் அதே சங்கதிதான். பல மைல் தள்ளி, பூமிக்கடியில் ஓர் இரும்பு அறை. அங்கே இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவிகள். ஒருவன் எவ்வளவு கையை நீட்டினாலும் மற்றவன் சாவி எட்டாது. ஒரே ஒரு பைத்தியக்காரனால் உலகம் அழிந்துவிடக் கூடாது, குறைந்தது இரண்டு பேராவது வேண்டும் என்பது ஏற்பாடு. இருவரும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் ஏவுகணை பாயும். திருப்பி, ஐந்து நொடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். மாதாமாதம் போலி அறையில் வைத்து இதைத்தான் பழக்குவார்கள்.

சாவியைப் பற்றி மட்டும், ஊருக்கே தெரிந்த அளவுக்கு, ராய் சொன்னான்.

"அந்த அஞ்சு நொடி எதுக்கு?" என்று கேட்டாள் மார்லிஸ். அவள் காபிக் குவளைகளோடு வந்து அடுப்போரம் நின்றிருந்தாள்.

"கை தவறிப் பட்டுத் திரும்பலை, வேணும்னுதான் திருப்பியிருக்கான்னு மெஷினுக்குத் தெரியணும்ல?"

"அப்ப, நீ நெசமாத்தான் சொல்றியான்னு மெஷின் நின்னு பாக்குது. நீ எப்ப நின்னு பாப்பே?"

ராய் காபியைக் குடித்தான். நாக்கு சுட்டது.

"சும்மா இரு மார்லிஸ்," என்றார் ஓர்வில். "நாளைக்கு அவனுக்கு வருஷ விசாரணை. சாவியைத் திருப்புவியான்னு கர்னல் கேப்பாரு, இவன் சரின்னு சொல்லணும், முடிஞ்சது. இல்லைன்னா வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், உன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும். வயித்துப் பிள்ளையோட எங்க போவீங்க?"

"அதுக்காகச் சரின்னு சொல்லிடலாமாப்பா?"

"உயிரைக் குடுக்க நானும் சரின்னு சொன்னவன்தானே! நாப்பத்தஞ்சுல பிலிப்பைன்ஸ்ல கப்பல்ல கிடந்தேன். ஜப்பான்ல எந்தக் கடற்கரைல எறங்கணும்னுகூடச் சொல்லியாச்சு. முதல் அலையில எங்க ஆளுங்க. உயில் எழுதச் சொன்னாங்க, எங்கிட்ட இருந்தது ஒரு மவுத் ஆர்கன். அப்புறம் அணுகுண்டு போட்ட சேதி வந்துச்சு. டெக்ல ஆடினோம், அழுதோம். அது இல்லேன்னா நீ ஏது, உன் வாய் ஏது?"

"இதைச் சொல்லியே என் வாயை அடைச்சிடுறீங்க. குண்டு விழுந்த ஊர்லயும் வயித்துப் பிள்ளையோட எவளாவது நின்னிருப்பாள்ல?"

ஓர்வில் ஸ்டார்ட்டரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நின்னிருப்பா," என்றார் கடைசியில். "போர் முடிஞ்சு அதே கடற்கரைல போய் எறங்கினோம், ஒரு தோட்டா இல்லாம. மேல குன்று பூராவும் குகை. ஒவ்வொரு குகையிலயும் பீரங்கி. ஒண்ணுக்குள்ள குனிஞ்சு குழல் வழியாப் பாத்தேன். நான் எறங்க வேண்டிய மணல் நேரா தெரிஞ்சுது. அந்த வாரமே ரயிலடில ஒரு சின்னப் பொண்ணைப் பாத்தேன். பாதி மூஞ்சிக்குக் கட்டு. அழலை. என் பூட்ஸையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சாக்லேட் குடுத்தேன், வாங்கலை." துணியைத் தூக்கிப் போட்டார். "இதுல எதை எதுல கழிக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா. உசிரோட இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். என்னைக் கேட்டுச் செய்யலையேன்னும் சந்தோஷப்பட்டேன்."

அடுப்பில் கட்டை வெடித்தது.

"என்னைத்தான் மாமா கேக்குறாங்க," என்றான் ராய்.

"உன்னை யாரு கேட்டா? உத்தரவு போடுறவன் யோசிப்பான். நீ திருப்பு."

"உத்தரவு போடுறவரு, மேல இருக்கிறவங்க யோசிச்சாங்கன்னு நெனைப்பாரு. மேல இருக்கிறவங்க, கீழ ரெண்டு பேரு இருக்காங்க, ரெண்டு சாவி இருக்கு, தப்பு நடக்காதுன்னு நெனைப்பாங்க."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ," என்று முறைத்தார் ஓர்வில். "நாளைக்குச் சரின்னு சொல்லிட்டு வா." டிராக்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய பல்சக்கரம் ஒன்று அளவு ஒத்துவந்தது. பொருத்திக் கொடுத்துவிட்டு, அவர்கள் கிளம்பும்போது வாசலுக்குக்கூட வராமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கர்னல் டெய்ன்ஸ் நாற்காலியைக் காட்டினார். குழந்தை எப்போது என்று விசாரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கும் அந்த வரியைக் கேட்டார்: "முறையான உத்தரவு வந்தா சாவியைத் திருப்புவியா?"

போன வருடம் கேள்வி முடியுமுன்பே ராய் "திருப்புவேன் சார்" என்றிருந்தான். இன்று வாய் அதே சொல்லுக்காகத் தானே திறந்தது. நேற்று எஞ்சின் அலற அலறச் சாவியைப் பிடித்திருந்த கை, அவனைக் கேட்டா பிடித்திருந்தது? அவன் வாயை மூடிக்கொண்டான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஐந்தும் தாண்டியது.

கர்னலின் பேனா நின்றது. "ராய்?"

"யோசிக்கிறேன் சார்."

"இது யோசிக்கிற கேள்வி இல்லப்பா." அவர் குரலில் கோபம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கும் நாலு பிள்ளைங்க. கீழ உக்காந்திருக்கிறவன் யோசிப்பான்னு எதிராளிக்குத் தெரிஞ்சா, அன்னைக்குத்தான் போர் வரும். நீ யோசிக்காம இருக்கிறதாலதான் நீ திருப்ப வேண்டியே வராது. புரியுதா?"

"புரியுது சார். அது சரியாவும் இருக்கலாம்." ராய் தன் கையைப் பார்த்தான். "ஆனா உத்தரவு வந்துட்டா, திருப்புறது என் கைதான் சார். எந்த ஊருன்னு சொல்ல மாட்டீங்க, ஏன்னு சொல்ல மாட்டீங்க. அது தெரியாம என்னால சரின்னு சொல்ல முடியலை."

கர்னல் பேனாவை மூடினார். பிறகு எழுந்து, தானே கதவைத் திறந்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் தொலைபேசி அடித்தது. மார்லிஸ் எடுத்து ராயிடம் நீட்டினாள்.

"ஸ்டார்ட்டர் எப்படி இருக்கு?" என்றார் ஓர்வில்.

"நல்லா இருக்கு மாமா. பிடிச்ச உடனே விட்டுட்டேன்."

"நீ?"

"கீழ போற வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க. வீட்டையும் காலி பண்ணணும்."

அவர் வசைபாடப் போகிறார் என்று ராய் காத்திருந்தான். மார்லிஸ் வந்து தொலைபேசியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"முட்டாப்பய," என்றார் ஓர்வில். "மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. விதைக்கிறதுக்கு எனக்கு ஆள் வேணும். என் டிராக்டருக்கு ஒரே சாவிதான், ஒருத்தனே திருப்பிக்கலாம். திருப்பிட்டுக் கையை எடுத்துடணும், தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"வேலிகிட்ட மட்டும் நான் உழுதுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.